இ.இ.ஜி. ‘நார்மல்’ என்றால் வலிப்பு இல்லை என்று அர்த்தமா?

ஒரு சனிக்கிழமை காலை. கிளினிக்கில் நல்ல கூட்டம். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா தம் மகனை அழைத்து வந்திருந்தார். மகனுக்கு வயது 23. உட்கார்ந்ததும் அம்மா பழுப்பு உறை ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த தாள்களை என் மேசையில் வைத்தார்.

“டாக்டர், தம்பிக்கு மூளை டெஸ்ட் எடுத்தாச்சு. நார்மல்னு வந்திருச்சு. முருகன் காப்பாத்திட்டாரு. நீங்க இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தா போதும்.”

அந்தப் பாரம் லோரி ஓட்டும் உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனைப் பாரம். வலிப்பு வந்ததுண்டா என்று கேட்கும் இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார்கள்.

விசாரித்தேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு தம்பி இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். விடியற்காலையில் சமையலறையில் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று சாய்ந்துவிட்டார். உடம்பு விறைத்து, கை கால்கள் இழுத்து, நாக்கைக் கடித்து ரத்தம் வந்திருக்கிறது. சுமார் இரண்டு நிமிடம். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள், இ.இ.ஜி. எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த தேதியும் கொடுத்தார்கள்.

“மாத்திரை சாப்பிடுறாரா அம்மா?”

“ரிப்போர்ட் நல்லா வந்திருச்சுல்ல டாக்டர். மூணு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டோம்.”

அந்தத் தம்பி மூன்று வாரமாக மாத்திரை இல்லாமல் மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று அவர்களுக்குச் சொன்னதை இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். இ.இ.ஜி. எடுக்கச் சொல்லி யாராவது கடிதத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தால் இது உதவும்.

அது என்ன பரிசோதனை?

நம் மூளையில் உள்ள நரம்பணுக்கள் மிகச் சிறிய மின்சைகைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் பேசும்போது எழும் மின்னலை, மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே வரும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது. தலைக்கு மேல் அதன் அளவு சில பத்து மைக்ரோவோல்ட்தான். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை 30,000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு. அதைப் பலமடங்கு பெருக்கி, கோடுகளாக வரைந்து காட்டும் கருவிதான் இ.இ.ஜி.

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1929இல்தான் அதை வெளியிட்டார். நூறு ஆண்டு ஆகியும், வலிப்பு நோயை ஆராய இந்தச் சோதனை இன்றும் முக்கியமாக இருக்கிறது.

நம் மக்களுக்கு இதைப் பற்றி ஒரு பயம் உண்டு. “தலையில கரண்ட் வைப்பாங்களாமே?” என்று கேட்பார்கள். வைக்க மாட்டார்கள். கருவி மூளையிலிருந்து வருவதைக் கேட்டுக்கொள்கிறதே தவிர, மூளைக்குள் எதையும் அனுப்புவதில்லை. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. பிறந்த குழந்தைக்கும் எடுக்கலாம், கர்ப்பிணிக்கும் எடுக்கலாம். மனநோய்க்குத் தரும் மின்அதிர்ச்சிச் சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. இந்தச் சோதனை உங்கள் எண்ணங்களைப் படிக்காது. மனத்தில் உள்ளதை மெஷின் காட்டிக் கொடுத்துவிடும் என்று ஓர் இளைஞர் என்னிடம் கவலைப்பட்டிருக்கிறார். கவலை வேண்டாம்.

‘நார்மல்’ என்பதற்குப் பொருள்

இப்போது அந்த அம்மா செய்த தவறுக்கு வருவோம். அது அவர் ஒருவர் மட்டும் செய்யும் தவறு அல்ல.

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சோதித்தால் ஓர் எண் வருகிறது. அதைப்போல இ.இ.ஜி.யும் ‘நோய் இருக்கிறது, இல்லை’ என்று சொல்லிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் வழக்கமான இ.இ.ஜி.யில் பதிவு நடப்பது 20 முதல் 30 நிமிடம்தான். அந்த அரை மணி நேரத்தில் மூளை எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். வலிப்பு நோய் உள்ளவருக்கும் பெரும்பாலான நேரம் மூளை அமைதியாகத்தான் இருக்கும். வலிப்புக்குரிய கூர்மையான அலைகள் எப்போதோ சில விநாடிகள் தலைகாட்டும். சோதனையின்போது அவை வராமல் போனால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றுதான் எழுதுவார்கள்.

வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. சாதாரணமாகவே வருகிறது. தூக்கத்தில் மறுபடி எடுத்து, இன்னும் ஓரிரு முறை எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடும். அப்போதும் சிலருக்கு எதுவும் தென்படாமல் போகலாம்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. வாழ்நாளில் ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கும் இ.இ.ஜி.யில் வலிப்பலைகள் தெரியலாம். பிரிட்டனில் விமானப்படைப் பயிற்சிக்கு வந்த 13,000க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்தபோது, சுமார் 200 பேரில் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். அதனால் காகிதத்தில் கோடு கோணலாக இருப்பதை வைத்து மட்டும் ஒருவருக்கு வலிப்பு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது.

அப்படியானால் எதற்கு எடுக்க வேண்டும்? அலைகள் தென்பட்டால் அவை பல செய்திகளைத் தரும். வலிப்பு மூளையின் ஓரிடத்தில் தொடங்குகிறதா, இரு பக்கமும் சேர்ந்து வருகிறதா, எந்த வகை, மறுபடி வரும் வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவர் கணிக்கலாம். வகை தெரிந்தால்தான் பொருத்தமான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு வகைக்கு நன்றாக வேலை செய்யும் மாத்திரை இன்னொரு வகையை மோசமாக்குவதும் உண்டு.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாள் இரவோ அன்று காலையோ தலைக்கு ஷாம்பு போட்டு நன்றாக அலசிவிடுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கண்டிஷனர், ஜெல், ஸ்பிரே எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தலையில் ஒட்டும் தகடுகள் வழுக்கும், பதிவும் சரியாக வராது. பெண்கள் பூ, சவுரி, இறுக்கமான சடை இல்லாமல் வாருங்கள். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவர்களுக்கு வேலை சுலபம். சந்தனத்தை மட்டும் கழுவிவிட்டு வந்தால் போதும்.

பட்டினி கிடக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரை குறைந்தால் அலைகள் மாறும். வழக்கம்போல் பசியாறிவிட்டு வரலாம். காப்பி, தே தாரேக் போன்றவற்றை அன்று தவிர்த்துவிடுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘மருந்து இருந்தால் டெஸ்டில் தெரியாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு, சோதனைக்கு வரும் வழியிலேயே வலிப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டும் என்றால் மருத்துவரே சொல்வார். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். நாட்டு மருந்தும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

சிலருக்கு ‘தூக்கம் குறைத்து வாருங்கள்’ என்று சொல்வார்கள். தூக்கமின்மை வலிப்பலைகளை வெளியே கொண்டுவரும் என்பதுதான் காரணம். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. யாரையாவது கூட அழைத்துச் செல்லுங்கள்.

அறைக்குள் நடப்பது

தொழில்நுட்பர் அளவு நாடாவால் உங்கள் தலையை அளந்து, அங்கங்கே பென்சிலால் குறி வைப்பார். குறி வைத்த இடத்தைச் சற்றுச் சொரசொரப்பான களிம்பால் துடைத்து, சுமார் 20 சிறு தகடுகளைப் பசையால் ஒட்டுவார். சில இடங்களில் தொப்பி போன்ற ஒன்றை மாட்டுவார்கள். இந்த ஆயத்தத்துக்கே நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு படுத்திருக்க வேண்டும். கண்ணை மூடு, திற என்று சொல்வார்கள். கண்ணை மூடியதும் பின்மண்டையில் விநாடிக்கு 8 முதல் 13 வரையான சீரான அலை எழும், திறந்ததும் மறையும். பல்லைக் கடித்தால், நெற்றியைச் சுருக்கினால், அடிக்கடி கண் சிமிட்டினால் அதுவும் கோடாகப் பதிவாகும். அதனால்தான் ‘தளர்வாக இருங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கைப்பேசியை அணைத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து, சுமார் மூன்று நிமிடம் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடச் சொல்வார்கள். விரல் நுனியும் உதடும் மரத்ததுபோல் இருக்கும், தலை லேசாகச் சுற்றும். சற்று நேரத்தில் சரியாகிவிடும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், கடும் ஆஸ்துமா இருந்தால், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுவார்கள்.

பிறகு கண்முன் ஒரு விளக்கு வெவ்வேறு வேகத்தில் மின்னும். வலிப்பு நோயாளிகளில் 100க்கு மூவர் அளவில் இப்படி மின்னும் ஒளியால் பாதிக்கப்படுவார்கள். அவர்களை அடையாளம் காணத்தான் இந்த ஏற்பாடு. மூச்சுப் பயிற்சியிலோ ஒளியிலோ ஒருசிலருக்கு அங்கேயே வலிப்பு வரக்கூடும். அது அரிது. வந்தாலும் கவனித்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர்கள் அருகிலேயே இருப்பார்கள்.

முடிந்ததும் தகடுகளை எடுத்துவிடுவார்கள். பசை வெதுவெதுப்பான நீரிலும் ஷாம்பிலும் போய்விடும். தூக்கம் குறைக்காதவர்கள் அன்றே வழக்கமான வேலைகளைப் பார்க்கலாம். ஆனால் வண்டி ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், அந்தத் தடை அப்படியேதான் இருக்கும்.

சிறு பிள்ளைகளுக்கு எடுக்கும்போது பால் போத்தல், பிடித்த பொம்மை, வழக்கமாகப் போர்த்தும் போர்வை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வரும் வழியில் காரில் தூங்க விடாதீர்கள். அங்கே போய்த் தூங்கினால்தான் நல்ல பதிவு கிடைக்கும். ‘ஊசி போடுவாங்க’ என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள்.

பார்த்தவர்கள் சொல்ல வேண்டும்

வலிப்பைக் கண்டறிவதில் மருத்துவர் பெரிதும் நம்பியிருப்பது மெஷினை அல்ல, நேரில் பார்த்தவர் சொல்வதைத்தான். வலிப்பு வந்தவருக்கு நடந்தது நினைவிருக்காது. பக்கத்தில் இருந்த மனைவி, அக்காள், சக ஊழியர் யாராவது மருத்துவமனைக்குக் கூட வர வேண்டும். விழுவதற்கு முன் முகம் வெளுத்ததா, ஒரு பக்கமாக இழுத்ததா, கண் திறந்திருந்ததா, எவ்வளவு நேரம், பிறகு எவ்வளவு நேரம் குழப்பத்தில் இருந்தார் – இவை எல்லாம் தேவை. சாதாரண மயக்கமும் சில விநாடி உதறலோடு வரலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த விவரங்களே உதவும்.

முதலுதவி செய்ய ஒருவர் இருந்தால், மற்றவர் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். அதைப் படம் பிடிப்பது அநாகரிகம் என்று தயங்க வேண்டாம். மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள்.

முதலுதவி எளிது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், நேரத்தைக் கவனியுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயன் இல்லை. வாயில் கரண்டி திணித்தால் பல் உடையும். தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளிவு வராமலே மறுபடி வந்தாலோ 999ஐ அழையுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எனக்கு வந்தது வலிப்புதானா? மறுபடி வரும் வாய்ப்பு எவ்வளவு? மாத்திரை எவ்வளவு காலம்? எப்போதிலிருந்து வண்டி ஓட்டலாம்? பதில் தெளிவாகும்வரை மோட்டார் சைக்கிள், நீச்சல், உயரத்தில் ஏறுவது, குளியலறைக் கதவைத் தாழிடுவது வேண்டாம்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது மிக ஆபத்து. நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குறைக்க வேண்டும் என்றால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று வீட்டார் வலிப்பை மறைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிடுகிறாள், அல்லது நிறுத்திவிடுகிறாள். வலிப்பு மருந்துகளில் சில கருவைப் பாதிக்கக்கூடியவை. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மருத்துவரோடு பேசி மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். மறைத்து வைத்த வீட்டில் அது நடக்காது.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது பேய் பிடித்ததும் அல்ல, பரம்பரைச் சாபமும் அல்ல.

அந்தத் தம்பி என்ன ஆனார்?

அன்று பாரத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன். “காலையில எழுந்ததும் கை திடீர்னு துள்ளுமா தம்பி? கையில இருக்கிறது விழுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா சிரித்துவிட்டார். “அதை ஏன் கேக்குறீங்க டாக்டர். ஃபார்ம் ஃபைவ் படிக்கிறப்பயிருந்து காலையில மக்கைக் கீழ போட்டு உடைப்பான். இத்தனை மக் வாங்கியாச்சு. கவனமே இல்லன்னு திட்டுவேன்.”

பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு நோயின் அடையாளம் அது. தூங்கி எழுந்த சற்று நேரத்தில் கை துள்ளும். தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பாக மாறும். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் அவர் விழுந்தது தற்செயல் அல்ல. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வரும் வாய்ப்பு இந்த வகையில் மிக அதிகம். ஐந்தாறு ஆண்டுகளாக வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. அங்கே யாரும் கேட்கவும் இல்லையாம்.

நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் எழுதி, மக் கதையையும் அதில் சேர்த்தேன். தூக்கம் குறைத்து இரண்டாவது இ.இ.ஜி. எடுத்தார்கள். இம்முறை வலிப்பலைகள் தெளிவாகத் தெரிந்தன. மாத்திரை மறுபடி தொடங்கியது.

லோரி உரிமம் கிடைக்கவில்லை. அதில் அந்தத் தம்பிக்கு என்மேல் வருத்தம்தான். லோரி ஓட்டினால் கிடைக்கக்கூடிய சம்பளத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த வருத்தம் நியாயமானது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. இப்போது அதே கம்பெனியின் கிடங்கில் பகல் வேலை பார்க்கிறார். அண்ணன் காரில் கொண்டுபோய் விடுகிறார்.

போன மாதம் சளிக்கு மருந்து வாங்க வந்த அம்மாவிடம் தம்பியைப் பற்றிக் கேட்டேன். மாத்திரையை ஒரு வேளைகூட விடுவதில்லை என்றார். வீட்டில் மக் உடைவதும் நின்றுவிட்டதாம்.